ட்ரெய்லர் மாட்டும்போதும் கழற்றும்போதும் வாங்கின அடி: உங்க கதையையும் சொல்லுங்க

மிச்சிகன்

நானே ஆரம்பிக்கிறேன். ரெண்டு வருஷம் முன்னாடி உள்ளேயே தங்கற 24 அடி ட்ரெய்லர் ஒண்ணு, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினோம். டிரக்ல ஏற்கெனவே பால் (ட்ரெய்லரை மாட்டுற இரும்பு உருண்டை) இருந்தது. கட்டுமானச் சாமான் ஏத்துற குட்டி ட்ரெய்லருக்காகப் போட்டது, 2 இஞ்ச். வாங்கின ட்ரெய்லரோட கப்ளர், அதாவது பால் மேல கவிழ்ந்து உட்கார்ற கிண்ணம், 2 5/16 இஞ்ச். வித்தியாசம் வெறும் எட்டு மில்லிமீட்டர். அளவு மாறினா உட்காராதுன்னுதானே நினைப்போம்? பால் பெருசா இருந்தாத்தான் உட்காராது. சின்னதா இருந்தா சமத்தா உட்கார்ந்து ஏமாத்தும். கப்ளரைப் பூட்டுற லாட்ச் மூடுச்சு, பின் போட்டேன், லைட் எல்லாம் எரிஞ்சுது. கிளம்பிட்டோம்.

வீட்டுலேர்ந்து அரை மைல்ல ரயில் தண்டவாளம். டிரக் ஏறி இறங்குச்சு. ட்ரெய்லர் ஏறும்போது 'டங்'குன்னு ஒரு சத்தம், முதுகுல யாரோ உதைச்ச மாதிரி. கப்ளர் பாலை விட்டு எகிறிடுச்சு. நல்ல வேளை, டிரக்கையும் ட்ரெய்லரையும் இணைக்கிற பாதுகாப்புச் செயின் ரெண்டையும் அடியில குறுக்கா மாட்டியிருந்தேன். ட்ரெய்லரோட மூக்கு ரோட்டுல குத்தாம அந்தப் பெருக்கல் குறி மேல தொட்டில்ல விழுந்த மாதிரி விழுந்துச்சு. டெயில்கேட் நசுங்கினதோட போச்சு. ஊர்லேர்ந்து வந்திருந்த அப்பா இறங்கிப் பார்த்துட்டு, "பூட்டாங்கயிறு கெட்டியா இருந்துச்சு, தப்பிச்சே போ"ன்னார். அம்பது வருஷத்துக்கு முன்னாடி மாட்டு வண்டி ஓட்டினவர். அவருக்குச் செயின் பூட்டாங்கயிறாத்தான் தெரியுது.

இப்ப ரெண்டு வேலை செய்யாம சாவியைத் தொடுறதில்ல. முதல்ல, பால் தலையில பொறிச்சிருக்கிற அளவையும் கப்ளர் மேல இருக்கிறதையும் விரலால தடவிப் படிப்பேன். அழுக்கும் கிரீஸும் மூடியிருக்கும், துடைச்சுட்டுத்தான் படிக்கணும். அப்புறம் லாட்ச் மூடி, பின் போட்டு, மூக்கு ஜாக்கோட காலை மறுபடி கீழ இறக்கி மூக்கைத் தூக்குவேன். கப்ளர் பாலைப் பிடிச்சிருந்தா டிரக்கோட பின்பக்கமும் கூடவே எழும்பும். ரெண்டு மூணு இஞ்ச் எழும்பற வரைக்கும் குனிஞ்சு பார்ப்பேன். டிரக் அப்படியே நின்னு மூக்கு மட்டும் மேல போச்சுன்னா, லாட்ச் சும்மா மூடியிருக்குன்னு அர்த்தம். ஒரு நிமிஷ வேலை. அன்னிக்கு இதைச் செஞ்சிருந்தா வீட்டு வாசல்லயே தெரிஞ்சிருக்கும்.

டெக்சாஸ்

எங்க கதை கழற்றும்போது நடந்தது. புது ட்ரெய்லர் வந்ததும் பூசை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு நசுக்கி, திருஷ்டி எல்லாம் கழிச்சோம். முதல் பயணம் கார்னர் ஸ்டேட் பார்க், ஃப்ரியோ ஆத்தங்கரை. போய்ச் சேரும்போது இருட்டிடுச்சு, குழந்தைங்களுக்குப் பசி. பிளக்கை எடுத்தேன், செயினை எடுத்தேன், லாட்சைத் திறந்து ஜாக்கை இறக்கினேன். கப்ளர் பாலை விட்ட நொடி ட்ரெய்லர் பின்னால நகர ஆரம்பிச்சது. இடம் சமதளம்னுதான் கண்ணுக்குத் தெரிஞ்சுது! ஜாக் கால் பலகையிலிருந்து வழுக்கி மண்ணுல புதைஞ்சு, ரெண்டடி உழுதுட்டு, பின்னாடி இருந்த பிக்னிக் மேசையில முட்டி நின்னுச்சு. மேசையில அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் மாமியார் உட்கார்ந்திருந்தாங்க. (இன்னும் சொல்லிக் காட்டுறாங்க.)

டயருக்கு எலுமிச்சம்பழம் வெச்சவன் கட்டை வெக்கல. நம்ம ஊர் லாரி கிளீனர் பையன் வண்டி நின்னதும் முதல்ல குதிச்சுக் கல்லைத்தான் போடுவான். எஞ்சினீயரான எனக்கு அது தோணல. இப்ப ரெண்டு பக்கமும் டயருக்கு முன்னாலயும் பின்னாலயும் கட்டை போட்டு, டிரக் பிரேக்கை லேசா விட்டு, ட்ரெய்லர் கட்டை மேல சாய்ஞ்சு நிக்குதான்னு பார்த்துட்டுத்தான் பிளக்கையே தொடுவேன்.

ஸ்கார்பரோ

நாங்களும் ஒருக்கா நல்லாய் மாட்டுப்பட்டனாங்கள். போன கோடைக்கு அல்கொன்குயின் பார்க்கில நாலு நாள் நிண்டிட்டு வெளிக்கிட, ட்ரெய்லர் அசையேல்லை. கூட காஸ் குடுத்தால் சில்லு சுத்தாமல் சல்லிக்கல்லைக் கிளறிக்கொண்டு இழுபடுது. பிரேக் இறுகிப்போச்செண்டு நானும் மச்சானும் கீழ படுத்துக்கிடந்து பார்க்கிறம். பக்கத்து இடத்து வெள்ளைக்கார ஐயா கோப்பிக் கோப்பையோட வந்தார், ஒண்டும் கதைக்கேல்லை, குனிஞ்சு ஒரு பின்னைத் தள்ளி விட்டார். வண்டி போச்சு!

என்னெண்டால், ட்ரெய்லர் தவறுதலாய்க் கழண்டு ஓடினால் ஒரு மெல்லிய கம்பி இழுபட்டு, அந்தப் பின் வெளியில வந்து, ட்ரெய்லரின்ர சொந்த பற்றறியால சில்லு எல்லாத்துக்கும் பிரேக் பிடிக்கும். எங்கட சின்னவன் விளையாட்டுக்கு அதை இழுத்துப்போட்டான். ஐயா போகேக்க இன்னொண்டும் காட்டினார். நான் அந்தக் கம்பியைச் செயின் கொக்கியிலயே கொழுவியிருந்தன். செயின் கழண்டால் கம்பியும் சேர்ந்து கழண்டிடும், பிறகு பிரேக்கை ஆர் பிடிக்கிறது? இப்ப டிரக் சட்டத்தில தனியாய்க் கொழுவுறன்.

நியூ ஜெர்சி

என்னோடது கதை இல்ல, கேள்வி. ட்ரெய்லர் மூக்கோட எடையை டிரக் முழுக்கப் பங்கிடற ஹிட்ச்ல, வளைஞ்சு விறைப்பா நிக்கிற இரும்புத் தண்டான ஸ்பிரிங் பாரைக் கழற்றும்போது, நெம்பற பைப் கையை விட்டுத் தெறிச்சு முழங்காலை உரசிட்டுப் போச்சு. ஒவ்வொரு தடவையும் பயமா இருக்கு. எல்லாருக்கும் இப்படித்தானா?

மிச்சிகன்

பைப்பால நெம்பற அளவுக்கு அதுல இழுவை இருக்கவே கூடாதுங்க. கட்டை போட்டாச்சுன்னா, லாட்ச் மூடினபடியே ஜாக்கை இறக்கி, டிரக் பின்பக்கம் நாலஞ்சு இஞ்ச் எழும்பற வரைக்கும் தூக்குங்க. பார் தளர்ந்துடும், அதோட செயின் தொளதொளன்னு தொங்கும், பைப்புக்குப் பெருசா வேலை இருக்காது. மாட்டும்போதும் அதே மாதிரி தூக்கிட்டு மாட்டுங்க. அப்பவும் பார் தெறிச்சா வந்து விழற பாதையில காலை வெக்காதீங்க.

பாரை எடுத்தப்புறம் லாட்ச் திறக்க மாட்டேன்னு அடம் பிடிச்சா சுத்தியலைத் தேட வேணாம். பால் கப்ளரை ஒரு பக்கமா அழுத்திட்டு இருக்கும். டிரக்கை ஒரு இஞ்ச் முன்ன பின்ன நகர்த்தினா கையாலயே திறக்கும்.