பெர்லினுக்குத் தனியாகப் போகிறேன், முதலில் என்ன செய்யணும்?

கேள்வி: அடுத்த மாதம் பெர்லினில் நர்ஸ் வேலையில் சேர்றேன். அங்கே தெரிஞ்சவங்க ஒருத்தரும் இல்லை. அம்மா தினமும் கலங்குறாங்க. போனதும் முதல் வேலை எது?

பதில்: தங்கச்சி, குடிபுகுந்த 14 நாளுக்குள் முகவரியைப் பதியணும். 'அன்மெல்டுங்'னு சொல்வாங்க. நீ குடிவந்ததுக்கு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட தாள் இல்லாமல் பதிய முடியாது. நான் முதலில் எடுத்த அறையில் அதைத் தர மறுத்துட்டாங்க. அழுதுட்டேன், வேறு அறை தேடி அலைஞ்சேன். அதனால அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடியே கேட்டுடும்மா. ஹீட்டிங் மாதிரி கூடுதல் செலவு சேராத வாடகையில் 3 மாதத்துக்கு மேல் அட்வான்ஸ் கேட்கச் சட்டத்தில் இடமில்லை.

இன்னொரு பதில்: ஞாயிறு சூப்பர்மார்க்கெட் பெரும்பாலும் மூடியிருக்கும். சனியே அரிசி, பால் வாங்கி வைங்க. அவசரம்னா மத்திய ரயில் நிலையத்துக்குள்ள கடை திறந்திருக்கும். புளிக்காய்ச்சல் கட்டாயம் எடுத்துட்டுப் போங்க.

கேட்டவர்: நன்றி அக்கா. வீட்டு ஓனருக்கு இப்பவே மெயில் போடறேன்.