முதல் குழந்தை குறைமாதம்: அடுத்ததற்கு முன் எடை ஏற்ற வேண்டுமா?

வைகைக்கரை:
என் தங்கைக்குப் பனிக்குடம் உடைந்து 33 வாரத்திலேயே குழந்தை பிறந்துவிட்டது. உயரம் 154 செ.மீ, கர்ப்பத்துக்கு முன் எடை 41 கிலோ. குழந்தைக்கு இப்போது ஒன்றரை வயது, அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது. "உடம்பில் சதை இல்லை, அதான் தங்கவில்லை" என்று மாமியார் வீட்டில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். உண்மையா?

கல்லணை:
இந்தப் பேச்சே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. என் அம்மா 40 கிலோதான், மூன்று பேரையும் நிறைமாதத்தில் பெற்றார். கிருமித் தொற்று இருந்ததா, கர்ப்பவாய் பலவீனமா என்று பார்க்காமல் ஒல்லி உடம்பின் மேல் பழி போடுவது ரொம்ப எளிது.

ஊர்நர்ஸ்:
தம்பி, பழி வேறு, காரணம் வேறு. 154-க்கு 41 என்றால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று பார்க்கும் கணக்கு, 17.3 வருகிறது, 18.5-க்குக் கீழே போனாலே எடைக்குறைவுதான். அப்படிப்பட்டவர்களுக்குக் குறைப்பிரசவம் அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. முன்பே ஒருமுறை குறைமாதத்தில் பெற்றது அதைவிடப் பெரிய ஆபத்து, இவளுக்கு இரண்டும் சேர்ந்திருக்கிறது.

தென்றல்:
ஒல்லியைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் 158 செ.மீ, 78 கிலோ. பிரஷர் எகிறி 34 வாரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அப்புறமும் வீட்டில் நெய்யும் லேகியமும்தான், யாரும் போதும் என்று சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 12.6 சதவீதம் பேர் எடைக்குறைவு, 40 சதவீதம் பேர் அதிக எடை. சர்க்கரை, பிரஷர் என்று டாக்டரே முன்கூட்டி எடுக்கவேண்டிய நிலைமை எங்களுக்குத்தான் அதிகம் வருகிறது.

கல்லணை:
சரி, தொடர்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எடை ஏற்றினால் ஆபத்து இறங்குமா, அதைச் சொல்லுங்கள். கர்ப்பகாலத்தில் சத்துணவு கொடுத்துப் பார்த்த சோதனைகளில் எடை குறைந்து பிறக்கும் குழந்தைகள் குறைந்தார்கள், குறைப்பிரசவம் தெளிவாகக் குறையவில்லை. குறைப்பிரசவத்தைத் தடுக்க வாராவாரம் போட்ட புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோன் ஊசிக்கே பலன் நிரூபணமாகவில்லை என்று 2023-ல் அமெரிக்காவில் அனுமதியை ரத்து செய்தார்கள். முட்டையும் பாலும் மட்டும் எப்படிக் காப்பாற்றும்?

ஊர்நர்ஸ்:
நீங்கள் சொல்வது கர்ப்பமான பிறகு கொடுத்த உணவு. நான் கருத்தரிக்கும் முன் இருக்கவேண்டிய எடையைச் சொல்கிறேன். ஒரு பிரசவத்துக்கும் அடுத்த கர்ப்பத்துக்கும் 24 மாதமாவது இடைவெளி விடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் இவளுக்கு இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, மூன்று கிலோ ஏறினாலே 18.5 வந்துவிடும். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மூன்று மணிக்கு மிச்ச ரசத்தைப் பிசைந்து சாப்பிடுகிற பெண்ணை "சதை போடு" என்றால் எங்கிருந்து போடுவாள்? முதல் பந்தியில் உட்காரவையுங்கள், இரும்புச்சத்து எவ்வளவு என்று ரத்தம் பாருங்கள். ஆய்வு முடிவு வரட்டும் என்று இதற்குக் காத்திருக்க வேண்டாம்.

கல்லணை:
அதை மறுக்கவில்லை. ஆனால் எடை ஏறிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். 16 வாரத்திலிருந்து உள்வழி ஸ்கேனில் கர்ப்பவாய் நீளம் பார்க்கச் சொல்லுங்கள். 24 வாரத்துக்குள் 25 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் தையல் போடலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். சிறுநீரில் தொற்று இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

வைகைக்கரை:
அக்கா, அந்த ரசம் சாதம் அப்படியே எங்கள் வீட்டுக் கதை. பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துவிட்டேன். வியாழக்கிழமை அவளோடு மாமியாரையும் சேர்த்தே டாக்டரிடம் கூட்டிப் போகிறேன்.