சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவும் கையைப் புண்ணாக்குமா? உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

மதுரையிலிருந்து:

பியூட்டி பார்லரில் வேலை. நாளில் பாதி நேரம் கை நுரையில்தான் இருக்கும். முதலில் விரல் இடுக்கில் அரிப்பு, அப்புறம் தோல் வெடிப்பு. வெங்காயம் நறுக்கினால் கண் எரிவதற்கு முன்பே கை எரியும். பார்க்கிறவர்கள் எல்லாரும் ஷாம்பூவில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட்டைத்தான் திட்டினார்கள். அதில் நியாயம் உண்டு. தோல் எரிச்சல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சல் உண்டாக்கிப் பார்க்க வழக்கமாக எடுப்பதே அதைத்தான். சரி என்று சல்ஃபேட் இல்லாத ஷாம்பூவுக்கு மாறினோம். கை ஆறவேயில்லை.

ஸ்கின் டாக்டர் பேட்ச் டெஸ்ட் எழுதிக் கொடுத்தார். சின்னச் சின்ன அலுமினியக் கிண்ணங்களில் ஒவ்வொரு பொருளாக வைத்து முதுகில் ஒட்டிவிடுவார்கள். 48 மணி நேரம் நனையக்கூடாது, வியர்க்கவும் கூடாது. மதுரை வெயிலில் அது லேசுப்பட்ட காரியமில்லை. பிரித்தபோது பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். கோகமிடோப்ரோப்பில் பீட்டைன் வைத்த இடம் மட்டும் சிவந்து தடித்து, பொடிப்பொடியாகக் கொப்புளம்.

சல்ஃபேட் இல்லாத ஷாம்பூக்களில் நுரைக்காகச் சேர்க்கும் பொருள் அது. தேங்காய் எண்ணெயிலிருந்து எடுப்பது, குழந்தைகள் ஷாம்பூவில்கூட இருக்கும். அமெரிக்காவில் தொடுகை ஒவ்வாமையைப் பார்க்கும் மருத்துவர் சங்கம் 2004-லேயே இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்திருக்கிறது. பல நேரம் காரணம் பீட்டைனே அல்ல. தயாரிக்கும்போது மிச்சம் தங்கிவிடும் அமிடோஅமீன் போன்ற கழிவுகள்தானாம். 2017-ல் அதே பட்டம் இன்னொரு நுரைப்பொருளான டெசைல் குளுக்கோசைடு வகைக்குப் போனது. இந்த இரண்டும்தான் இன்று ‘மைல்டு’ என்று விற்கிற பாட்டில்களில் நிறைய இருப்பவை!

டாக்டர் சொன்னதில் எனக்குத் தெளிவு தந்தது இது: எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு. எரிச்சல் யாருக்கும் வரும்; எவ்வளவு பட்டது, எவ்வளவு நேரம் இருந்தது என்பதுதான் கணக்கு. ஒவ்வாமை சிலருக்குத்தான் வரும். வந்துவிட்டால் துளி பட்டாலும் போதும். ‘மைல்டு’ என்று அட்டையில் போடுவது முதலாவதைப் பற்றித்தான். இரண்டாவதைப் பற்றி அது ஒன்றுமே சொல்வதில்லை.

லண்டனிலிருந்து:

எங்கட மகனுக்குச் சின்னனிலேயே எக்சிமா எண்ட தோல் அழற்சி. தோல் காயாமல் இருக்கப் பூசுற அக்குவஸ் கிறீம் பூசினால் எரியுது எண்டு அழுவான். பிள்ளை குழப்படி செய்யிறான் எண்டுதான் சொந்தக்காரர் சொன்னவை. 2013இல் இங்கத்தைய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே எச்சரிக்கை விட்டது: எக்சிமா உள்ள பிள்ளைகளுக்கு இந்தக் கிறீம் எரிவு தரலாம் என்று. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் பிடித்து வைக்க அதில் 9% எமல்சிஃபையிங் வாக்ஸ் சேர்க்கிறார்கள். அந்த வாக்ஸில் பத்தில் ஒரு பங்கு நீங்கள் சொன்ன அதே சோடியம் லாரில் சல்ஃபேட். கழுவி விடுகிற ஷாம்பூ என்றால் ஒரு நிமிடம். பூசி விடுகிற கிறீம் மணிக்கணக்கில் தோலில் கிடக்கும். வைத்தியர் பரஃபின் ஒயின்ட்மென்டுக்கு மாற்றினார். பிசுபிசுக்கும், தலையணை உறையெல்லாம் எண்ணெய். ஆனால் அதில் தண்ணீரே இல்லை, ஆகவே எமல்சிஃபையரும் தேவையில்லை. பிள்ளை அழாமல் பூசவிட்டான்.

கோவையிலிருந்து:

அக்கா, அப்போ சீயக்காய்க்கு மாறிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

மதுரையிலிருந்து:

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைப்பது சப்போனின். அதுவும் அழுக்கையும் எண்ணெயையும் பிரித்தெடுக்கிற அதே இனம்தான், கண்ணில் பட்டால் எப்படி எரியும் என்று உங்களுக்கே தெரியும். எனக்கு ஒத்துக்கொள்கிறது, வீட்டில் அதுதான். பார்லரில் நைட்ரைல் கையுறை போட்டுக்கொள்கிறேன். நீங்கள் டாக்டரிடம் போகும்போது பாட்டிலைக் கையோடு கொண்டு போங்கள், அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல சமயம் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்ற முழுப் பட்டியலும் அதில்தான் இருக்கும்.