அவித்தை (அறியாமை) யாரைப் பற்றிக்கொண்டு நிற்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். வேதாந்தம் முறையாகப் பாடம் கேட்டவர்கள் யாராவது உதவ வேண்டும்.

பிரம்ம சூத்திர பாஷ்யத்தின் முகப்பில் சங்கரர் எழுதிய அத்யாச பாஷ்யத்தை (ஒன்றின் மேல் இன்னொன்றை ஏற்றிக் காண்பது பற்றிய விளக்கத்தை) படித்துக்கொண்டிருக்கிறேன். சிப்பியில் வெள்ளி தெரிவது புரிகிறது. ஆன்மா அப்படிக் கண்ணெதிரே கிடக்கும் பொருள் இல்லையே என்ற ஆட்சேபத்தையும் அவரே எழுப்புகிறார். 'நான்' என்ற உணர்வில் அது விளங்கத்தான் செய்கிறது, தவிர கண்ணுக்குப் புலப்படாத ஆகாயத்தின் மேலேயே அழுக்கை ஏற்றிச் சொல்கிறார்களே என்று பதிலும் தருகிறார். அருமையான இடம் அது!

சிக்கல் அடுத்தது. இந்த அவித்தை யாருக்கு? ஜீவனுக்கு (தனி உயிருக்கு) என்கிறார், சங்கரர் பாஷ்யத்துக்குப் பாமதி என்ற உரை எழுதிய வாசஸ்பதி மிச்ரர். ஜீவன் என்று ஒருவன் ஆனதே அவித்தையால்தானே? 'அநாதி, விதையும் முளையும் போல' என்ற சமாதானம் எனக்கு நழுவலாகப் படுகிறது. விவரணம் என்ற உரையைப் பின்பற்றும் இன்னொரு அத்வைத மரபோ பிரம்மத்தையே பற்றி நிற்கிறது என்கிறது. அறிவே வடிவானதில் அறியாமை எப்படி ஒட்டும்? ராமானுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொள்கிறார்.

சாட்சி சைதன்யம் (வெறும் சாட்சியாக நிற்கும் உணர்வு) அறியாமைக்குப் பகை இல்லை, விருத்தி ஞானம்தான் (மனத்தில் எழும் அறிவுதான்) பகை என்கிறார்களே, அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல முடியுமா? தமிழ் வேதாந்த நூலான கைவல்ய நவநீதம் வாசித்திருக்கிறேன்; ஆவரணம் (உண்மையை மறைத்தல்), விக்ஷேபம் (வேறாகக் காட்டுதல்) வரை பழக்கம் உண்டு. "எல்லாம் மாயை, விடுங்க" ரகப் பதில்கள் மட்டும் வேண்டாம், ப்ளீஸ். தமிழில் இதைத் தர்க்கமாகப் பேசும் நூலோ ஒலிப்பதிவோ இருந்தாலும் சொல்லுங்கள்.