மறு: கம்பாட்டிபிள் – இணக்கமா, பொருத்தமா?

அனைவருக்கும் வணக்கம்.

கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் ஏற்றிவிட வேண்டும். கம்பாட்டிபிள் (ஒன்றோடொன்று சேர்ந்து இயங்கக்கூடியது) என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது. எனக்கு முன் செய்தவர்கள் இணக்கமான, பொருத்தமான, ஒத்தியல்பான என்று மூன்று விதமாகப் போட்டிருக்கிறார்கள். 'இக்கோப்பு இப்பதிப்புடன் ஒத்தியல்பானதன்று' என்று ஒரு செய்தி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கோப்பு கெட்டுப்போய்விட்டதா என்று கேட்டார். ஒரே சொல்லாக முடிவு செய்து தாருங்கள். பேக்வர்டு கம்பாட்டிபிள், அதாவது பழைய பதிப்புகளோடும் ஓடக்கூடியது என்பதற்கும் வேண்டும்.

---

தம்பி,

முதலில் வேரைப் பார்த்துவிடுவோம். இலத்தீனில் 'பதி' என்ற வினைக்குத் துன்பத்தைத் தாங்குதல் என்று பொருள். 'கொம்' என்றால் கூட. ஆக, கூட இருந்து தாங்குதல். கம்பாஷனும் பேஷண்டும் இதே வேரில் கிளைத்தவைதான். இடைக்காலத் திருச்சபையில் ஒருவரே சேர்த்து வகிக்கக்கூடிய மானியப் பதவிகளை இந்தச் சொல்லால் குறித்தார்கள். கருவிகளுக்கு வந்தது மிகவும் பிந்தி.

கூட இருந்து தாங்குவது என்றதும் எனக்குப் புறநானூறுதான் நினைவுக்கு வருகிறது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், அதாவது உண்ணாமல் உயிர்விட அமர்ந்தான். அதுவரை அவனை நேரில் பார்த்தே இராத பிசிராந்தையார் பாண்டிநாட்டிலிருந்து வந்து அவனோடு உயிர்விட்டார். 'புணர்ச்சி பழகுதல் வேண்டா' என்ற குறளுக்குப் பரிமேலழகர் இவர்களைத்தான் காட்டுகிறார். 'உணர்ச்சி ஒத்தல்' என்பது அங்கே கருத்து. தொல்காப்பியரும் மெய்ப்பாட்டியலில் தலைவனும் தலைவியும் ஒத்திருக்க வேண்டியவையாகப் பிறப்பு, குடிமை என்று பத்தை அடுக்கி, 'ஒப்பினது வகையே' என்று முடிக்கிறார்.

எனவே 'ஒ' என்ற அடியை விடக் கூடாது. அலர்ஜிக்கு ஒவ்வாமை என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. அதன் உடன்பாட்டு வடிவம்தானே ஒவ்வுமை? அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

---

ஐயா,

பிசிராந்தையாரை நீங்கள் கொண்டுவந்து சேர்த்த இடம் அருமை. ஆனால் சொல்லை ஏற்க முடியவில்லை. 'ஒத்த' என்பது உவம உருபு. ஒன்றைப் போல இன்னொன்று இருந்தால்தான் ஒப்பு. பிளக்கும் சாக்கெட்டும் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை, அதனால்தான் ஒன்றுக்குள் ஒன்று போகிறது. 1964இல் ஐபிஎம் கொண்டுவந்த 360 என்ற கணினி வரிசையும் அப்படித்தான். சிறிய எந்திரமும் பெரிய எந்திரமும் உள்ளமைப்பில் வேறு வேறு. சிறியதற்கு எழுதிய நிரல் பெரியதிலும் ஓடியது. அதுதான் அதன் பெருமை.

இன்னொன்று. ஒப்பு இருபக்கமும் சமம். நான் உங்களை ஒத்தால் நீங்களும் என்னை ஒப்பீர்கள். கம்பாட்டிபிள் அப்படியில்லை. பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும்போது இரத்த வகையைத்தான் எடுத்துக்காட்டாகச் சொல்வேன். ஓ நெகட்டிவ் சிவப்பணுக்களை ஏபி வகைக்காரருக்கு ஏற்றலாம். ஏபி வகையை ஓ வகைக்காரருக்கு ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. இந்தத் திசையைச் சொல்ல 'பொருந்து' போதும். 'இவருக்கு இது பொருந்தும்' என்று நான்காம் வேற்றுமை போட்டதும் எது எதற்கு என்பது விளங்கிவிடுகிறது.

பொருத்தம் என்றால் ஜாதகம் நினைவுக்கு வருகிறது என்று முன்பு இங்கே ஒருவர் எழுதினார். வரட்டுமே! தினப் பொருத்தத்தில்கூடப் பெண்ணின் நட்சத்திரத்திலிருந்து ஆணின் நட்சத்திரம் வரைதான் எண்ணுகிறோம். அங்கும் திசை உண்டு. செய்யுள் வகைகளுக்கு இலக்கணம் சொல்லும் பாட்டியல் நூல்களில் பாட்டின் முதல் சொல்லுக்கும் பாட்டுடைத் தலைவன் பெயருக்கும் பார்ப்பதும் பத்துப் பொருத்தம்தான். இணக்கத்தில் எனக்குள்ள சிக்கல், 'விதிகளுக்கு இணங்க' என்று கம்ப்ளையன்சுக்கும் அதையே எழுதுகிறோம். இரண்டும் ஒரே திரையில் வந்தால் என்ன செய்வது?

பேக்வர்டு என்பதைப் 'பின்னோக்கு' என்று தயவுசெய்து போடாதீர்கள். தமிழில் மூன்று நாளுக்கு முன் என்றால் கடந்த காலம். பின்னால் பார்த்துக்கொள்ளலாம் என்றால் வருங்காலம். 'பின்னோக்கு இணக்கம்' என்று படிப்பவர் இனி வரும் பதிப்புகளோடு ஓடும் என்று எடுத்துக்கொள்வார். பொருள் தலைகீழாகிவிடும். 'பழைய பதிப்புகளுக்கும் பொருந்தும்' என்று நீட்டி எழுதினால் ஒன்றும் குறைந்துவிடாது.

---

பாலிடெக்னிக் ஆசிரியை சொல்வது சரிதான், ஆனால் நடைமுறையையும் பாருங்கள். இணக்கம் என்ற சொல் பல மென்பொருள்களில் ஏறிவிட்டது. பயனர் ஒரு சொல்லுக்குப் பழகும்போதே நாம் அதை மாற்றினால் அடுத்த தடவை ஆங்கில இடைமுகத்துக்கே போய்விடுவார். கைபேசிக் கடையில் 'இந்த சார்ஜர் செட் ஆகுமா' என்றுதான் கேட்கிறார்கள். தூய சொல்லுக்காக நாம் மோதிக்கொள்ளும்போது செட் நுழைந்து உட்கார்ந்துவிட்டது. என் வாக்கு இணக்கத்துக்கு.

---

அனைவருக்கும் நன்றி.

இணக்கம் ஏற்கெனவே பல மென்பொருள்களில் ஏறிவிட்டதால் பட்டி (மெனு) தலைப்புகளில் அதையே வைக்கிறேன்: இணக்கப் பயன்முறை, இணக்கச் சோதனை. முழு வாக்கியமாக வரும் செய்திகளில் ஆசிரியை சொன்னபடி வினையாக மாற்றிவிட்டேன்: 'இந்தக் கோப்பு இந்தப் பதிப்புக்குப் பொருந்தாது.' என் அம்மாவுக்கு இது உடனே புரிந்தது. பேக்வர்டு வரும் இடங்களில் எல்லாம் 'பழைய பதிப்புகளுக்கும் பொருந்தும்'. ஒரே பொத்தானில் மட்டும் இடம் போதவில்லை, அங்கே இன்னும் ஆங்கிலம் இருக்கிறது. இன்றிரவு ஏற்றுகிறேன்.

---

தம்பி, ஏற்றுங்கள். ஆனால் தலைப்பில் ஒரு சொல், செய்தியில் ஒரு சொல் என்றால் நீங்கள் தொடங்கிய இடத்துக்கே வந்திருக்கிறோம். மருத்துவப் பாடநூலுக்காவது ஒவ்வுமை வேண்டும் என்பதில் நான் மாறவில்லை. அந்தப் பொத்தானின் அகலம் எத்தனை எழுத்து என்று எழுதுங்கள்.