புதுப்பிப்பு: வெளியே சுற்றும் நாளில் இன்சுலினும் சுகரும்

நண்பர்களோடு நாள் முழுக்க வெயிலில் இருக்கும்போது இன்சுலினை எப்படி வைத்துக்கொள்வது, சாப்பாடு தள்ளிப்போனால் என்ன செய்வது என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்தாயிற்று, பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஐஸ் பேக்கோடு இன்சுலின் பேனாவை (ஊசி போடும் பேனாவை) ஒட்டி வைக்காதே என்று ஒருவர் சொன்னது ரொம்பச் சரி, ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் பயன்படாது. துண்டில் சுற்றி, கூலரில் ஐஸ் படாத பக்கமாக வைத்தேன். மூடிய காரில் விடுவதும் மோசம்தான், சூட்டில் கெட்டுவிடும்.

விளையாட்டு நடுவே கை நடுங்கியது, பார்த்தால் சுகர் 64, ரொம்ப இறங்கியிருந்தது. குளுக்கோஸ் மாத்திரை 15 கிராம் அளவுக்கு மென்றுவிட்டு உட்கார்ந்தேன், 15 நிமிடம் கழித்து 88. "என்ன, அதுக்குள்ள டயர்டா?" என்று கிண்டல் வந்தது, வரட்டும். அப்புறம் ஒன்று, பழம் தொட்ட விரலில் குத்தினால் மீட்டர் அளவைக் கூட்டிக் காட்டும், கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள்.

சாப்பாடு எப்போது வரும் என்று யாருக்குமே தெரியாததால், வேகமாக வேலை செய்யும் இன்சுலினைத் தட்டு கைக்கு வந்த பிறகுதான் போட்டேன். இது என் டாக்டரிடம் முன்பே கேட்டுவைத்தது, நீங்களும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாள் முழுக்க ஓடியாடினால் தசைகள் இரவிலும் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும், தூக்கத்தில் சுகர் இறங்கலாம், மது குடித்திருந்தால் இன்னும் கவனம் தேவை. அதனால் படுக்கும் முன் ஒரு தடவை பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது.

தீராத தலைவலி, சுகர் பார்க்க உடம்பில் ஒட்டியிருக்கும் சென்சார்தான், வியர்வையில் ஓரம் கிளம்பிவிட்டது. மேலே ஒட்ட எந்த மாதிரி பட்டை தாங்கும், யாராவது சொல்லுங்கள்.