-ஓ2 பில்டில் பிரேக்பாயின்ட் சொன்ன வரியில் நிற்க மாட்டேங்குது

கேள்வி:
போர்டில் எஸ்டிஎம்32எஃப்103 மைக்ரோகன்ட்ரோலர், 64 கேபி ஃபிளாஷ். ஜிசிசி (கம்பைலர்), சிமேக் (பில்ட் டூல்), ஓப்பன்ஓசிடி (போர்டோடு பேச), ஜிடிபி (டீபக்கர்). -ஓ0 (ஆப்டிமைசேஷன் இல்லாமல்) போட்டால் ஃபிளாஷில் இடம் பத்தவில்லை, லிங்கர் எரர். அதனால் -ஓ2 (ஆப்டிமைசேஷனோடு) -ஜி (டீபக் தகவலோடு). ஒரு ஸ்டாட்டிக் ஃபங்ஷனில் சிஆர்சி (டேட்டாவில் பிழை பார்க்கும் எண்) ஒப்பிடும் வரியில் பிரேக்பாயின்ட் (ப்ரோகிராமை நிறுத்தும் இடம்) வைத்தால் மூன்று வரி தள்ளி உட்காருகிறது. அங்கே பிரின்ட் கொடுத்தால் மதிப்பு வராமல் "ஆப்டிமைஸ்டு அவுட்" என்கிறது. என்ன பண்ணலாம்?

பதில் 1:
-ஓஜி போடுங்க. டீபக்குக்கென்றே ஜிசிசி 4.8-இல் வந்தது, -ஓ0-வை விடக் கோட் நன்றாகச் சுருங்கும். கூடவே -ஜி3 கொடுத்தால் மேக்ரோவையும் பிரின்ட் பண்ணலாம். டீபக் தகவல் கம்ப்யூட்டரில் இருக்கும் ஈஎல்எஃப் ஃபைலோடு (பில்டில் வரும் ஃபைல்) சரி, ஃபிளாஷில் ஏறாது.

வரி ஏன் தள்ளுகிறது என்றால், அந்த வரிக்கென்று தனி இன்ஸ்ட்ரக்ஷன் மிஞ்சவில்லை. ஜிடிபியில் "இன்ஃபோ லைன்" கொடுத்துப் பாருங்க, அந்த வரிக்குக் கோட் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இருந்தும் குழப்பினால் "டிஸ்அசெம்பிள் /எஸ்", சோர்ஸ் வரியும் இன்ஸ்ட்ரக்ஷனும் சேர்ந்து தெரியும்.

பதில் 2:
அதற்கு முன்னால் "மேக் வெர்போஸ்=1" ஓட்டி, உண்மையில் எந்த -ஓ போகிறது என்று பாருங்க. இரண்டு இருந்தால் கடைசியில் வருவதைத்தான் ஜிசிசி எடுக்கும். சிமேக்கில் பில்ட் டைப் ரெல்வித்டெப்இன்ஃபோ என்றால், அது உங்கள் சிஃப்ளாக்ஸுக்கு (நீங்கள் எழுதிய கம்பைலர் ஆப்ஷன்கள்) பின்னால் -ஓ2 -ஜி -டிஎன்டீபக் சேர்க்கும். நீங்கள் எழுதிய -ஓஜி சத்தமில்லாமல் செத்துப்போகும். என்டீபக் மேக்ரோ வந்தால் அசெர்ட் (சோதனை) வரிகளும் காலி. அங்கே பிரேக்பாயின்ட் வைத்து என்ன பயன்?

-ஓஜியிலும் இடம் பத்தாவிட்டால் மற்றதெல்லாம் -ஓ2-விலேயே இருக்கட்டும், அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் -ஓஜி. -ஓ2-வில் ஒரே இடத்திலிருந்து அழைக்கப்படும் ஸ்டாட்டிக் ஃபங்ஷனைக் கம்பைலர் அழைத்த இடத்திலேயே கரைத்துவிடும். நோஇன்லைன் ஆட்ரிப்யூட் போட்டால் பேக்ட்ரேஸில் (ஃபங்ஷன் அழைப்பு வரிசை) பெயரோடு வரும். மதிப்பு மட்டும் தெரிந்தால் போதுமென்றால் ஒரு வாலட்டைல் (கம்பைலர் நீக்காத) மாறியில் சிஆர்சியை நகலெடுங்க, வேலை முடிந்ததும் எடுத்துவிடுங்க.

கேள்வி கேட்டவர்:
பில்ட் டைப்தான் காரணம். இப்போது சரியான வரியில் நிற்கிறது. ஆனால் சில பிரேக்பாயின்ட் சேர்த்த பிறகு "கேனாட் இன்சர்ட் ஹார்டுவேர் பிரேக்பாயின்ட்" என்கிறது.

பதில் 2:
அதற்கும் ஆப்டிமைசேஷனுக்கும் சம்பந்தமில்லை. ஃபிளாஷ் கோடில் ஹார்டுவேர் பிரேக்பாயின்ட்தான் (சிப்பிலேயே எண்ணிக்கையோடு இருப்பது), இந்த சிப்பின் கார்டெக்ஸ்-எம்3 ப்ராசஸரில் அது 6. ஃபங்ஷன் அழைப்பைத் தாண்டும்போது "நெக்ஸ்ட்" தற்காலிகமாக ஒன்றை எடுத்துக்கொள்ளும், "ஃபினிஷ்" கொடுத்தாலும் அப்படித்தான். அதனால் 5-க்கு மேல் வைக்காதீங்க, வேண்டாததை "டிஸேபிள்" பண்ணுங்க.